பந்திக்கு முந்து... பஃபேக்கு நிதானி!

தூத்துக்குடிக்குப் புதிதாக வேலைக்கு வந்து சேர்ந்த வெளியூர் இளைஞர் யாரையாவது பிடித்து, "சாயங்காலம் நைட் கிளப் போவமா?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் ஆயிரம் வாட்ஸ் பல்பாக எரியும். சட்டை மாற்றி, சென்ட் அடித்து, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து நிற்பார். அழைத்துப் போய் நிறுத்தினால்... எதிரே தோசைக்கல்! எங்கள் ஊரில் சாயங்காலம் திறந்து ராத்திரி வரை நடக்கும் பரோட்டாக் கடைக்குத்தான் நைட் கிளப் என்று பெயர். அங்கே ஆடுவது மாஸ்டரின் இரண்டு கைகள் மட்டுமே.

ஏமாந்த இளைஞர் ஐந்து நிமிடத்தில் சமாதானமாகிவிடுவார். காரணம், சால்னா. பரோட்டாவுக்குக் காசு உண்டு, சால்னாவுக்குக் கிடையாது. "அண்ணாச்சி, சால்னா!" என்று எத்தனை தடவை குரல் கொடுத்தாலும் வாளி வரும். கோபித்துக் கொள்ளவே மாட்டார்கள்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சால்னா அன்லிமிடெட்தான். ஆனால் 'சும்மாதானே கிடைக்குது' என்று யாராவது ஏழு வாளி சால்னா குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பரோட்டா நனைகிற அளவுக்கு ஊற்றிக்கொண்டு, போதும் என்றதும் எழுந்து கை கழுவப் போய்விடுகிறோம்.

அதே சால்னாவை ஏ.சி. ரூமில் வெள்ளிக் கலர் பாத்திரத்தில் வைத்து, அடியில் மெழுகுவர்த்தி மாதிரி எதையோ கொளுத்தி, பக்கத்தில் இன்னும் நாற்பது ஐட்டங்களை அடுக்கி, 'தலைக்கு 799 ரூபாய்' என்று ஒரு போர்டு மாட்டட்டும். முடிந்தது கதை! அதே ஆள் மூன்றாவது தடவை தட்டை நீட்டுவார்.

ஆக, நம்மை மூச்சு முட்டத் தின்ன வைப்பது 'அன்லிமிடெட்' என்ற வார்த்தை இல்லை. அந்த 799!

வசூல் மன்னர்கள்

ஆபீஸ் பார்ட்டிக்கு பஃபே என்று முடிவானதும் கிளம்புகிற கோஷ்டியைக் கவனித்திருப்பீர்கள். மூன்று வகை.

முதலாமவர் பட்டினி வீரர். ராத்திரி ஒரு வாழைப்பழம், காலையில் வெறும் டீ. "வயித்த காலியா வச்சிருக்கேன்லே" என்று பெருமையாகச் சொல்வார். மத்தியானம் ஒரு மணிக்கு உள்ளே நுழைந்ததும் வாசல் பக்கம் இருந்த சூப், பேல்பூரி, பன் என்று எது கையில் மாட்டினாலும் காலி. ஒன்றரை மணிக்கு மெயின் அயிட்டம் வரும்போது ஐயா நெளிந்து கொண்டிருப்பார்.

இரண்டாமவர் ஆடிட்டர். ஒவ்வொரு துண்டுக்கும் மனசுக்குள் ரேட் போடுவார். "இறால் எட்டு பீஸ், ஒண்ணு முப்பது ரூவா... இருநூத்தி நாப்பது ஆச்சு. இன்னும் ஐநூத்தி சொச்சம் வசூல் பண்ணணும்!" சாப்பாட்டு ருசி கடைசி வரை அவருக்குத் தெரியாது.

மூன்றாமவர் நல்ல பிள்ளை. முதல் சம்பளத்தில் அம்மா, அப்பாவை அழைத்து வந்திருப்பார். அப்பா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, இரண்டு கரண்டி தயிர்சாதமும் ஊறுகாயும் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார். பையனுக்குப் பொறுக்காது. "என்னப்பா இது? எண்ணூறு ரூவா குடுத்திருக்கு. சிக்கன் எடுங்க, அந்த மீனை எடுங்க!" அப்பாவும் மகன் மனசு கோணக் கூடாதே என்று வேண்டாததை எல்லாம் விழுங்குவார். ஆசையாக அழைத்து வந்த பையன், அரை மணி நேரத்தில் அப்பாவுக்கே சூப்பர்வைசர் ஆகிவிடுகிறான். நிறைய மேஜைகளில் பார்க்கக் கிடைக்கிற காட்சி இது. பார்க்கச் சகிக்காத காட்சியும் கூட.

மூன்று பேருக்கும் வியாதி ஒன்றுதான். கொடுத்த காசை வயிற்றின் வழியாகத் திரும்ப வசூலிக்கப் பார்ப்பது.

வணிகவியல் படித்தவர்கள் இதற்கு 'மூழ்கிய செலவு' என்று பெயர் சொல்வார்கள். கொடுத்தாகிவிட்டது; எதைச் செய்தாலும் திரும்பி வராது. அப்படிப்பட்ட பணத்தை இனி எடுக்கும் முடிவில் சேர்க்கக் கூடாது என்பது பாடம். ஆனால் மனுஷன் சேர்ப்பான். 2017-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கிய அமெரிக்கர் ரிச்சர்ட் தேலர், 1980-லேயே இந்தக் குணத்தைப் பற்றி எழுதியவர். இரண்டு துண்டு தின்றாலும் பில் 799. இருபது துண்டு தின்றாலும் 799. பதினெட்டுத் துண்டை அதிகமாகத் தின்றதால் மிச்சமானது ஒரு ஜெலுசில் பாட்டில் வாங்கும் வாய்ப்பு மட்டுமே.

எங்கள் கடற்கரையில் இதைப் படிக்காமலேயே தெரிந்து வைத்திருந்தார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் நடந்த காலத்தில், குளிப்பவர் கனமான கல் ஒன்றில் காலை ஊன்றிக்கொண்டு கடலுக்குள் இறங்குவார். சீக்கிரம் அடியைத் தொடுவதற்குக் கல். தொட்டதும் கல்லை விட்டுவிடுவார். படகில் இருப்பவர்கள் அதை மேலே இழுத்துக் கொள்வார்கள். கல்லையும் சுமந்துகொண்டு சிப்பி பொறுக்கினால் என்ன ஆகும்?

பஃபேயில் கொடுக்கும் காசும் அந்தக் கல்தான். உள்ளே கொண்டுபோய் விட்டதோடு அதன் வேலை முடிந்தது. விட்டுவிடுங்கள்!

குடை கொடுத்த கப்பல்

'இவ்வளவும் இந்த விலைக்கா!' என்று வாயைப் பிளப்பதற்கு முன் தூத்துக்குடிச் சரித்திரத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டலாம்.

1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை ஆரம்பித்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல். அதுவரை அந்தப் பாதையில் தனிக்காட்டு ராஜாவாக இருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. போட்டி வந்ததும் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. கடைசியில் வெள்ளைக்காரர்கள், 'காசே வேண்டாம், சும்மா வந்து ஏறுங்க. ஆளுக்கு ஒரு குடையும் தர்றோம்' என்கிற நிலைக்கு வந்தார்கள்!

தூத்துக்குடிக்காரன் தலை கொழும்பு மழையில் நனையக் கூடாது என்ற பாசமா? சுதேசிக் கப்பல் மூழ்க வேண்டும் என்ற கணக்கு. 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911-ல் அவருடைய கம்பெனி கலைக்கப்பட்டது.

'கம்மி விலை' என்று யாராவது கூப்பிட்டால், காசு வேறு எந்த வாசல் வழியாகப் போகிறது என்று பார்ப்பது எங்கள் ஊருக்கு அந்தக் குடை சொல்லிக் கொடுத்த பாடம்.

பஃபேயின் ஜாதகமும் அப்படித்தான். பல பதார்த்தங்களை மேஜையில் பரப்பி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்வது ஸ்வீடன் நாட்டுப் பழக்கம். அதை 'எவ்வளவு வேண்டுமானாலும் தின்னு, ஒரே விலை' என்று வியாபாரமாக்கிப் பிரபலப்படுத்தியது அமெரிக்காவின் லாஸ் வேகாஸ். 1940-களில் எல் ராஞ்சோ வேகாஸ் என்ற சூதாட்ட ஹோட்டலில் ராத்திரி பஃபே வைத்தார்கள். விலை ஒன்றிரண்டு டாலருக்குள். சூதாட வந்தவன் பசிக்கிறது என்று வெளியே போய்விடக் கூடாது. சாப்பாட்டு மேஜையில் விட்டதைச் சீட்டாட்ட மேஜையில் பிடித்துக் கொள்ளலாம் அல்லவா?

ஜப்பானில் 1958-ல் டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் இந்த முறையைக் கொண்டு வந்தது. ஸ்வீடன் பெயர் வாயில் நுழையவில்லை என்று 'வைக்கிங்' என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் ஜப்பானியர்களுக்கு பஃபே என்றால் 'பைக்கிங்கு'தான். வைக்கிங் என்பவர்கள் வட ஐரோப்பாவின் கடற்கொள்ளையர்கள். கல்யாண ரிசப்ஷனில் ஐஸ்கிரீம் கவுன்ட்டர் பக்கம் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், இது பொருத்தமான பெயர் என்று ஒப்புக்கொள்வார்கள்.

முதலாளி கணக்கு

"நான் தின்ன தின்னில அந்த ஓட்டல்காரன் திண்டாடிப் போயிருப்பான்!" என்று மார் தட்டுபவர்கள் உண்டு. 2009-ல் வந்த 'வெண்ணிலா கபடிக் குழு' படத்தில் சூரி பரோட்டாப் பந்தயத்தில் கடைக்காரரை அழ வைத்தாரே, அந்த மாதிரி தானும் அழ வைத்துவிட்டதாக நினைப்பு.

ஹோட்டல்காரர் அழ மாட்டார். அவர் நடத்துவது ஒரு வகையில் இன்ஷூரன்ஸ் கம்பெனி. பத்துப் பேரில் ஒருவர் குண்டோதரன். இரண்டு பேர் டயட். ஒருவர் தயிர்சாத அப்பா. மீதிப் பேர் சராசரி. விலை அந்தச் சராசரிக்குப் போட்டது. குண்டோதரன் தின்பதற்கு அப்பா பிரீமியம் கட்டுகிறார். பரிமாற ஆள் குறைவு. மொத்தமாகச் சமைப்பதால் செலவும் குறைவு. போதாததற்கு வரிசை அமைப்பு வேறு. முதலில் சூப், பிரட், சாட், நூடுல்ஸ், சாதம். அதாவது செலவு குறைந்து வயிறு நிறைகிற சமாசாரங்கள். கறியும் இறாலும் கடைசிக் கோடியில். அங்கே போய்ச் சேர்வதற்குள் தட்டில் இடம் இருக்காது.

கணக்கு தப்பிய முதலாளிகளும் உண்டு. அமெரிக்காவில் ரெட் லாப்ஸ்டர் என்ற பெரிய கடல் உணவுக் கம்பெனி, 2023-ல் '20 டாலருக்கு எவ்வளவு இறால் வேண்டுமானாலும்' என்ற சலுகையைத் தினசரித் திட்டமாக்கியது. ஜனங்கள் வந்து குவிந்தார்கள், தட்டுத் தட்டாக இறக்கினார்கள். ஒரே காலாண்டில் கம்பெனிக்கு சுமார் 1.1 கோடி டாலர் நஷ்டம். 2024 மே மாதம் திவால் மனு. (வாடகைச் சுமை, நிர்வாகக் கோளாறு என்று வேறு காரணங்களும் இருந்தன. பழி மட்டும் இறால் தலையில்!)

ஆனால் இதை நம்பித் தட்டைத் தூக்க வேண்டாம். ஊர் ஊராக எத்தனையோ ஹோட்டல்கள் பஃபே போட்டு சந்தோஷமாக நடந்துகொண்டுதான் இருக்கின்றன. முதலாளியை ஜெயிக்க வந்த போட்டியாளர்கள்தான் மத்தியானம் மூன்று மணிக்கு ஆபீஸ் நாற்காலியில் பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் சாமியாடுகிறார்கள்.

விற்பது என்ன சரக்கு?

சரி, அப்படியானால் பஃபே வெறும் ஏமாற்று வேலையா? இல்லை. என்ன விற்கிறார்கள் என்று தெரிந்து வாங்கினால் அது நல்ல சரக்குதான்.

அளவு வேண்டுமா? அதற்குப் பஃபே எதற்கு? எங்கள் ஊர் மெஸ்ஸில் ஃபுல் மீல்ஸ் சொன்னால் போதும். சாதம், மீன் குழம்பு, ரசம், மோர் எல்லாம் கேட்கக் கேட்க வரும். பொரித்த மீனுக்கு மட்டும் தனிக் காசு. பஃபே விலையில் சின்னப் பங்கில் வயிறு நிறைந்துவிடும்.

பஃபே விற்பது அளவை அல்ல, வகையை. ஒரு ஹோட்டலுக்குப் போய், "சார், பன்னீர்ல ரெண்டு துண்டு, பிரியாணி ரெண்டு ஸ்பூன், அந்தப் பாஸ்தா ஒரு வாய், புட்டிங் ஒரு நக்கு" என்று ஆர்டர் கொடுக்க முடியுமா? சர்வர் மேலேயும் கீழேயும் பார்ப்பார். ஒரே வேளையில் பதினைந்து பதார்த்தத்தை இரண்டிரண்டு வாயாக ருசி பார்க்கும் வசதி பஃபேயில்தான் உண்டு. 799-க்கு வாங்குவது அந்த வசதியைத்தான். அதை வாங்கிவிட்டு, ஃப்ரைடு ரைஸைக் கோபுரமாகக் குவித்துக்கொண்டு உட்காருகிறவர்தான் உண்மையில் ஏமாந்தவர்.

வகையில் ஒரு கண்ணியும் இருக்கிறது. பார்பரா ரோல்ஸ் என்பவரும் சகாக்களும் 1981-ல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். ஒரே மாதிரி சாண்ட்விச் கொடுத்தபோது சாப்பிட்டதைவிட, உள்ளே நாலு விதமான மசாலா வைத்துக் கொடுத்தபோது ஜனங்கள் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகச் சாப்பிட்டார்கள். ஒரு ருசி திகட்டினாலும் அடுத்த ருசிக்கு நாக்கு புதிதாகப் பிறந்துவிடுகிறது. சாம்பார் சாதத்தில் 'போதும்டா சாமி' என்றவர், பாயசத்துக்கு டம்ளரை நீட்டுகிற ரகசியம் இதுதான்.

பி.காம். முதல் வருஷத்தில் பொருளாதாரப் பாடம் ஒன்று உண்டு. 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி'. பெயர்தான் பயமுறுத்தும். சமாசாரம் குலோப்ஜாமூன். முதல் ஜாமூன் சொர்க்கம். இரண்டாவது நல்லாயிருக்கு. மூன்றாவது பரவாயில்லை. நாலாவது ஜாமூனைத் தின்பது நாக்கு அல்ல, 799! ஆகவே ஒவ்வொன்றிலும் அந்த முதல் இரண்டு வாயை மட்டும் பொறுக்குகிறவன்தான் அன்றைக்கு அந்த ஹாலிலேயே அதிக லாபம் பார்த்தவன்.

இலைக்கு இருந்த பிரேக்

நம்மூர்ப் பந்தியும் அளவில்லாச் சாப்பாடுதானே, அதில் மட்டும் ஏன் இந்தக் கஷ்டம் இல்லை? பந்திக்குப் பிரேக் உண்டு.

முதலில், வரிசை. குழம்பு, ரசம், மோர் என்று ஒரு ஒழுங்கு. மோர் வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. மறுபடி குழம்புக்குப் போக யாருக்கும் தைரியம் வராது. இரண்டாவது, பரிமாறுபவர். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று ஒருவர் வாளியோடு நின்று கேட்கும்போது, வாய் திறந்து "வைங்க" என்று சொல்லியாக வேண்டும். ஐந்தாவது தடவை சொல்ல வெட்கமாக இருக்கும். மூன்றாவதுதான் முக்கியம். கல்யாண வீட்டில் நம் நாற்காலிக்குப் பின்னால், அடுத்த பந்திக்கு இடம் பிடித்துக்கொண்டு நம் இலையையே முறைத்துப் பார்த்து நிற்கிறாரே ஒரு பெரியவர்... அவரைவிடப் பெரிய டயட் டாக்டர் உலகத்தில் கிடையாது!

பஃபேயில் வரிசை இல்லை, கேட்பார் இல்லை, பின்னால் முறைப்பார் இல்லை. பிரேக் இல்லாத வண்டி. நாமேதான் பிரேக் போட வேண்டும்.

பிரேக் போட எட்டு வழி

1. பட்டினி கிடந்து போகாதீர்கள். காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். கொலைப் பசியில் போகிறவன் தேர்ந்தெடுக்க மாட்டான், பாய்வான்.

2. தட்டை எடுக்கும் முன் ஒரு பிரதட்சணம். வெறுங்கையோடு கோடி முதல் கோடி வரை ஒரு சுற்று. மூடியைத் திறந்து பாருங்கள், கேளுங்கள். எதெல்லாம் வேண்டும் என்று மனசில் குறித்துக்கொண்டு அப்புறம் தட்டைத் தொடுங்கள்.

3. வீட்டிலும் தெருமுனையிலும் கிடைப்பதைத் தள்ளுங்கள். குறிப்பாக மீன்! பல பஃபேக்களில் போடுவது 'பாசா' என்ற, வியட்நாமில் பெருமளவு வளர்க்கிற நன்னீர் மீன். சீலாவும் பாறையும் ஊளியும் கரைக்கு வந்து இறங்குகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, காசு கொடுத்து வியட்நாம் மீனைத் தின்பானேன்? வீட்டில் செய்ய முடியாதது, செய்ய நேரம் பிடிப்பது எதுவோ அதற்கு முதல் மரியாதை.

4. கரண்டி கணக்கு. எதுவானாலும் முதல் சுற்றில் இரண்டு வாய் மட்டும். பிடித்ததா? மறுபடி போகலாம், பாத்திரம் எங்கும் ஓடிவிடாது. பிடிக்காததைத் தட்டில் ஒதுக்கி வைத்து வீணாக்குகிற பாவமும் இல்லை. தட்டில் மிச்சம் வைத்தால் அபராதம் போடுகிற இடங்களும் இருக்கின்றன.

5. 'சின்னத் தட்டு எடுத்தால் கம்மியாகச் சாப்பிடுவோம்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் ரொம்ப நம்ப வேண்டாம். இந்த மாதிரி பஃபே, தட்டு ஆராய்ச்சிகளில் புகழ் பெற்றிருந்த அமெரிக்கப் பேராசிரியர் பிரையன் வான்சிங்க்கின் பல கட்டுரைகளில் கணக்குகள் உதைத்தன. 2018 செப்டம்பரில் ஒரே நாளில் ஆறு கட்டுரைகள் வாபஸ். பேராசிரியரும் வேலையை விட்டார். சின்னத் தட்டில் எட்டு தடவை போய் வருகிறவரும் இருக்கிறார் அல்லவா!

6. முதல் தட்டு முடிந்ததும் பத்து நிமிடம் அரட்டை. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரச் சுமார் இருபது நிமிடம் ஆகும் என்பார்கள். தந்தி வருவதற்குள் மூன்று தட்டை முடித்தால் தந்தி யாருக்கு?

7. கலர் பானம் வேண்டாம். அது வயிற்றையும் அடைக்கும், பல இடங்களில் பில்லிலும் தனியாக ஏறும். தண்ணீர் கேட்டால் பாட்டிலை நீட்டுவார்கள். "சாதாத் தண்ணி போதும்" என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் ஏதும் இல்லை.

8. மோரில் முடியுங்கள். ஸ்வீட்டை எல்லாம் நாலு பேருமாக ஒரு தட்டில் கொண்டு வந்து பகிர்ந்து சாப்பிட்டு, கடைசியில் பந்தி வழக்கப்படி மோரோ தயிரோ ஒரு வாய். மோர் வந்தால் ஆட்டம் முடிந்தது என்பது நம் ரத்தத்தில் ஊறிய விதி. அதை ஏ.சி. ஹாலிலும் அமல்படுத்துங்கள்.

பில்லைப் பார்த்துப் பேசுங்கள்

உண்மையாகவே காசை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் அதைத் தட்டில் தேடக் கூடாது; உள்ளே நுழைவதற்கு முன் தேட வேண்டும்.

முதல் வேலை, ஒப்பிடுவது. அதே ஹோட்டல் மெனு கார்டை வாங்கி, இன்றைக்கு நிதானமாகச் சாப்பிட்டால் என்னென்ன சாப்பிடுவீர்கள் என்று கூட்டுங்கள். சூப் 120, ஸ்டார்ட்டர் 260, பிரியாணி 280, ஸ்வீட் 100 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 760. பஃபே 799. அதிலும் சூப்பையும் ஸ்டார்ட்டரையும் இரண்டு பேர் பங்கு போட்டால் தலைக்கு 570-தான். அப்பாவைப் போலத் தயிர்சாதம் சாப்பிடுபவரோடு போனால் பஃபே பக்கமே தலை வைக்க வேண்டாம். நாலு நண்பர்கள், நாலு விதமான நாக்கு, இரண்டு மணி நேர அரட்டை என்றால் பஃபே லாபம்.

இரண்டாவது, கிழமை. ஒரே பஃபேக்கு ராத்திரியைவிட மத்தியானமும், சனி ஞாயிறைவிட வார நாளும் விலை குறைவாக இருப்பது பல இடங்களில் வழக்கம். போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

மூன்றாவது, வரி. சாதாரண உணவகங்களில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 799 என்பது 839 ஆகும். தினசரி அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டுகிற பெரிய ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவீதம். அதே 799 அங்கே 943 ஆகிவிடும். போர்டில் சின்ன எழுத்தில் 'வரி தனி' என்று இருக்கிறதா பாருங்கள்.

நான்காவது, சர்வீஸ் சார்ஜ். இது வரி அல்ல. கட்டாயமும் அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் இதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அது சரியே என்றார். விருப்பம் இல்லையென்றால் பணிவாக, "இதை எடுத்துடுங்க சார்" என்று கேட்கலாம். எட்டு இறால் அதிகமாகத் தின்று 'வசூல்' பண்ணுவதைவிட, இந்த ஒரு வாக்கியம் நிஜமான வசூல்.

கயிறு யார் கையில்?

இதெல்லாம் ஒருநாள் கூத்துதானே, ஒருநாள் கொஞ்சம் அதிகமானால் என்ன என்று கேட்கலாம். ஒரே ஒரு நாள் என்றால் ஒன்றும் இல்லை. ஆனால் பிறந்தநாள், புரமோஷன், ஃபேர்வெல், மாசக் கடைசி டார்கெட் முடித்த ட்ரீட் என்று ஆபீஸ் காலண்டரில் அந்த 'ஒருநாள்' அடிக்கடி வருகிறது. மற்ற நாளெல்லாம் நாற்காலி. ஐ.சி.எம்.ஆர். உதவியோடு நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். சர்க்கரை என்ன, தாத்தாக்களுக்கு மட்டும் வருகிற சமாசாரமா? முப்பது வயதில் மாத்திரை டப்பாவோடு ஆபீஸ் வருகிறவர் உங்கள் செக்ஷனிலேயே இருக்கலாம். அந்த மாத்திரைக்கு 'அன்லிமிடெட்' ஆஃபர் கிடையாது. மாசா மாசம் காசு.

மறுபடி முத்துக்குளித்தலுக்கு வருவோம். 1961-க்குப் பிறகு எங்கள் கடலில் பெரிய அளவில் முத்துக்குளித்தல் நடக்கவில்லை. சங்குக்காக மூழ்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கடலுக்கு அடியில் ஒருவருக்குக் கிடைத்த நேரம் ஒரு நிமிடம், ரொம்பப் போனால் ஒன்றரை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சிப்பி கிடக்கும். அதுவும் அன்லிமிடெட்தான். 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்று கை நீட்டத் தோன்றும். மூச்சைக் கணக்குப் பண்ணாமல் அந்த ஒன்றுக்கு ஆசைப்பட்டால் அத்தனை சிப்பியும் அடுத்தவனுக்கு. அதனால் பை பாதி நிறைந்திருந்தாலும், நேரம் ஆனதும் இடுப்புக் கயிற்றை ஒரு ஆட்டு ஆட்டுவார். மேலே இருப்பவர் இழுத்துவிடுவார். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. தன் அக்கா தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று அவனுக்குத்தானே தெரியும்!

பஃபே ஹாலில் நமக்குக் கயிறு பிடிக்க மச்சான் கிடையாது. பக்கத்தில் இருக்கும் சிநேகிதன், "இன்னொரு ரவுண்டு போவமாலே?" என்றுதான் கேட்பான். அவனுக்கு என்ன, அவன் தங்கச்சியையா நமக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறான்?

அப்படியே கட்டிக் கொடுத்திருந்தால், அடுத்த பஃபேக்கு அந்த மச்சானையே கூட்டிப் போங்கள். மூன்றாவது தடவை தட்டோடு எழுந்ததும் சட்டையைப் பிடித்து உட்கார வைப்பான். மச்சானுக்கும் சேர்த்து 799 செலவாகுமே என்கிறீர்களா? டாக்டர் ஃபீஸை விட அது கம்மிதான்!